பரணைக் காலி செய்யப் போகிற பிள்ளைகளுக்கு



பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சொந்தமெல்லாம் ஊர் திரும்பி, வாடகைப் பாத்திரமும் பந்தலும் போன பிறகு வீட்டில் பிள்ளைகள் நாம் மட்டும் மிஞ்சுகிறோம். லீவு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. யாராவது ஒருவர் தயங்கித் தயங்கித் தொடங்குவார், "வீட்டை என்ன செய்யறது?" என்று. அதற்குப் பதில் லேசில் கிடைக்காது. ஆனால் பரணையும் அலமாரியையும் காலி செய்கிற வேலை அன்றைக்கே தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலர் அதைத் தாண்டி வந்திருப்பீர்கள். பலருக்கு இனிமேல்தான் வரும்.

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது ஓடுகள் பறந்து, பரணுக்குள் மழை இறங்கியது. அடுத்த ஆவணியில் அம்மா போனார். காரியம் முடிந்த மறுநாள் இரண்டு அண்ணன்களும் நானும் பரணில் ஏறினோம். நனைந்து காய்ந்து உப்பிப்போன காகிதக் கட்டுகள், பழைய பஞ்சாங்கங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கிஸ்தி ரசீதுகள், நீளநீளமான கணக்கு நோட்டுகள். "எல்லாம் கரையான் அரிச்சிருக்கு" என்றார் பெரிய அண்ணன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பழைய பேப்பர்காரர் வந்து மூன்று சாக்கை எடை போட்டுத் தூக்கிப் போனார். வந்த காசில் அன்று சாயங்காலம் எல்லோருக்கும் காபியும் பஜ்ஜியும் வாங்கினோம்.

அந்தச் சாக்குகளில்தான் எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் போயின. எத்தனை நோட்டுகள் என்றுகூட இன்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் தப்பியது. அதன் கடைசிப் பக்கங்கள் வெற்றாக இருந்ததால் அம்மா அதில் பால் கணக்கு எழுதி வந்தார். அதனால் அது பரணுக்குப் போகாமல் அடுக்களை அலமாரியில் மளிகை ரசீதுகளோடு கிடந்தது. குறுகலான நீள நோட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. முதல் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. பிள்ளையார் சுழி, அதன் கீழே 'லாபம்', அதன் கீழே 'பிலவ வருஷம் ஆனி மாதம்'. பிறகு ஒரு பெண்ணின் பெயர், கல்யாண மொய் என்று. அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாரும் இருந்ததாக எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. யாரோ பங்காளி வீட்டு நோட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டது என்றே நினைத்தோம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அதைப் புரட்டினேன். தாய்மாமன் முதல் வரி. அதன் பிறகு ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை என்று வரிசையாக நானூறு வரிக்கு மேல். பெரும்பாலும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நடுநடுவே 'தேங்காய் 50', 'வாழைத்தார் 2', 'பித்தளைக் குடம் 1'. தில்லைவிளாகம், இடும்பாவனம், முத்துப்பேட்டை, நீடாமங்கலம் என்று ஊர்கள் விரிந்துகொண்டே போயின. சில வரிகளின் ஓரத்தில் பிற்பாடு சிவப்பு மையில் ஒரு கோடு. திருப்பிச் செய்தாயிற்று என்று அர்த்தம். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'பினாங்கு', அதற்கு நேரே 25 ரூபாய். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி அந்தப் பக்கம் போன குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு. எங்கள் குடும்பத்திலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார், அங்கிருந்து ஒரு கல்யாணத்துக்கு மறக்காமல் பணம் அனுப்பியிருக்கிறார் என்பது 58 வருஷம் கழித்துப் பால் கணக்கு நோட்டில் எனக்குத் தெரிய வந்தது.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் நாட்குறிப்பு எழுதியவர்கள் கிடையாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு போல ஒன்று கிடைப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதுவும் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்து 1846-ல்தான் வெளியார் கண்ணில் பட்டது. நமக்கு இருப்பது மொய் நோட்டுதான். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். கடன் என்பதால் பெயரையும் ஊரையும் தப்பில்லாமல் எழுதினார்கள். யார் யாருக்கு உறவு, யார் எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள், எந்த வருஷம் யார் ஊரை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு கிராமத்துக் குடும்பத்தின் சரித்திரத்துக்கு இதைவிட நம்பகமான காகிதம் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதைத்தான் நாம் கிலோ கணக்கில் போடுகிறோம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்து வைத்தவர். அவர் 1992-ல் காலமானார். அவர் சேகரித்ததை அடிப்படையாக வைத்து 1994-ல் தொடங்கியதுதான் சென்னையில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட படங்களைத் தேடித் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் இருப்பதற்கு மதிப்பு உண்டு என்பதைச் சொல்லத்தான் இவற்றைக் குறிப்பிடுகிறேன். ஆனால் எந்த நூலகமும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. படத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்வது. அதை வீட்டு ஆட்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் உயிரோடு இருக்கும்போதே.

பரணில் நோட்டுகளைத் தவிர ஒரு டிரங்குப் பெட்டியும் இருந்தது. தகரம் என்பதால் உள்ளே தண்ணீர் போகவில்லை. அதில் 43 புகைப்படங்கள். எங்கள் மூவருக்குமாகச் சேர்த்து ஒன்பது படங்களில் இருந்தவர்களைத்தான் அடையாளம் தெரிந்தது. மிச்சத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, அந்த வருஷம் கார்த்திகையில் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் தங்கை. ஊரெல்லாம் பாப்பா என்று கூப்பிட, எங்களுக்குப் பாப்பாத்தை. அப்போது அவருக்கு வயது 77. ஆதார் அட்டையில் வேறு தேதி இருந்தது, அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த தேதி. "அம்பத்திரண்டு புயலப்போ எனக்குப் பத்து வயசு" என்பதுதான் அவர் கணக்கு, அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

படங்களுக்கு முன்னால் மொய் நோட்டைக் காட்டினேன். யார் வீட்டு நோட்டு அத்தை இது, தெரியலையே என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளைப் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"என் பேர்தான்டி அது" என்றார்.

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. என் சொந்த அத்தையின் பெயர் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் தை மாதம் வெள்ளிக்கிழமை ஒன்றில் கன்னித்தெய்வத்துக்குப் படையல் போடுவது வழக்கம். சின்னதாக ஒரு மஞ்சள் பாவாடையும் ரவிக்கைத் துணியும், கண்ணாடி வளையல், பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்த மாவிளக்கு. வேறு எந்தப் பண்டிகை விட்டுப்போனாலும் அம்மா இதை விட்டதில்லை. இப்போது சின்ன அண்ணி செய்கிறார். யாருக்காக என்று சின்ன வயதில் கேட்டால், நம்ம வீட்டுச்சாமி என்பார்கள். அவ்வளவுதான். அத்தை சொன்னார்: அது தாத்தாவின் அக்கா. பன்னிரண்டு வயதில் வாந்திபேதியில் ஒரே ராத்திரியில் போய்விட்டாள். அவள் பெயரைத்தான் அத்தைக்கு வைத்தார்கள். சாமி பெயரைச் சொல்லிக் குழந்தையைத் திட்டவோ அதட்டவோ கூடாது என்பதற்காகப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிப் போனது. பத்திரிகையிலும் மொய் நோட்டிலும் மட்டும் அந்தப் பெயர் நின்றது.

நூறு வருஷமாக ஒரு சிறுமிக்குப் பாவாடை எடுத்து வைத்திருக்கிறோம். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சடங்கு ஒரு வருஷமும் தவறாமல் நடந்தது, ஆள் மட்டும் அதிலிருந்து நழுவிப் போய்விட்டாள். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மாவிளக்கு மாவின் பதம் மாறாமல் பார்த்துக்கொள்கிறோம். யாருக்காக அந்த விளக்கு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது வீட்டுச்சாமியின் பெயர். ஆனால் இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

இதில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா ஒருவர் வம்சாவளி எழுதி வைத்திருந்தார். ஏழு தலைமுறை. ஒவ்வொரு ஆணுக்கும் பெயர், பட்டா நிலம், இறந்த திதி எல்லாம் இருந்தது. பெண்களுக்கு நேரே 'பெண் 3', 'பெண் 2' என்று எண்ணிக்கை மட்டும். வந்த மருமகள்களோ ஊர்ப் பெயரோடு நின்றுவிட்டார்கள்: நீடாமங்கலத்தாள், வலங்கைமானத்தாள். மாமியார் பெயரும் மருமகள் பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் மருமகளுக்கு வேறு பெயர் வந்துவிடும், ஏனென்றால் மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அப்படிப் புகுந்த வீட்டில் பெயர் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கே கிடையாது. நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் அப்பாவின் அப்பா பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும், திதி கொடுக்கும்போது சொல்லியிருப்பீர்கள். அம்மாவின் அம்மாவின் அம்மா பெயர் என்ன? தெரியாதென்றால் இன்றைக்கே யாரையாவது கேளுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று போனை முகத்துக்கு நேரே நீட்டினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்று முடித்துவிடுவார்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். படம், பித்தளைச் செம்பு, பழைய பத்திரிகை, எதுவானாலும் சரி. பேச்சு தானாக வரும். அத்தையிடம் ஒரு குழுப்படத்தைக் கொடுத்தபோது அவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. நகையைப் பார்த்தார். "இவளுக்கு ஏது அட்டிகை? எங்க அம்மாவோடது. போட்டா புடிக்கிறதுக்குன்னு கழட்டிக் குடுத்தாங்க. அப்ப இவ சின்னப் பாட்டி மருமவ" என்றார். முகம் மறந்திருந்தது, இரவல் கொடுத்த அட்டிகை மறக்கவில்லை. போனை ரெக்கார்டிங்கில் போட்டுப் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அதை அவர்கள் மறந்துவிடுவார்கள்.

அனுபவத்தில் தெரிந்த இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மெல்லிய பென்சில் போதும். பழைய படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. சட்டத்துக்குள் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கப் பார்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கல்யாண வீடியோ கேசட் வைத்திருப்பவர்கள் இன்னும் தள்ளிப்போட வேண்டாம். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது, நாடாவில் பூஞ்சை பிடித்தால் அந்தக் குரல்கள் போய்விடும்.

வருஷம் விஷயத்தில் கவனம் தேவை. பிறப்பு இறப்பைப் பதிய நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்கு ஜாதக நோட்டுதான் ஒரே ஆதாரம். அதில் 'குரோதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1904-ஆகவும் இருக்கலாம், 1964-ஆகவும் இருக்கலாம். தாத்தா ஜாதகத்தைப் பேரனுடையது என்று எடுத்து வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் வருஷத்துக்கு நேரே ஆங்கில வருஷத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தேதி இல்லாத மொய் நோட்டில் தொகை அணாவில் இருக்கிறதா, நயா பைசாவில் இருக்கிறதா என்று பாருங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதை வைத்தே பாதி விடை கிடைக்கும்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அந்த இரண்டு நாளில் நேரம் இருக்காது, எனக்குத் தெரியும். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் வேலை சொல்லக் கூடாது. அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு எதையும் எடைக்குப் போடாதீர்கள். கரையான் அரித்ததானாலும் சரி, நனைந்து ஒட்டிக்கொண்டதானாலும் சரி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். வருஷத் திதிக்கு எல்லோரும் மறுபடி கூடுவீர்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கலாம். நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது இந்தப் பெட்டியைப் பங்கு போடாதீர்கள். ஆளுக்கொரு படம் என்று பிரித்தால் நாலு வீட்டில் நாலு துண்டு கிடக்கும், எதுவும் விளங்காது. ஒருவர் வைத்துக்கொள்ளட்டும், எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கட்டும்.

அம்மா அப்பா உயிரோடு இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. பெட்டியை இப்போதே இறக்குங்கள்.

அத்தை அன்று 26 படங்களில் இருந்தவர்களைச் சொன்னார். இருட்டிவிட்டது, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சத்தை அடுத்த தடவை பார்க்கலாம் என்று பையைக் கட்டினேன். அடுத்த வருஷம் பங்குனியில் ஊரடங்கு வந்தது. 2021 வைகாசியில் அத்தை போய்விட்டார். பினாங்குக்காரர் யாரென்று அவரிடம் கேட்கவும் மறந்திருந்தேன்.

அந்த 26-ல் ஒரு படத்தில் மட்டும் ஒரு குறை. கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது, பின்னால் அதன் முத்திரை இருக்கிறது. மாடிப்படியும் தூணும் வரைந்த திரைக்கு முன்னால் பதினான்கு பேர். பதின்மூன்று பேரின் பெயரை அத்தை சொல்ல, பென்சிலால் எழுதினேன். இடமிருந்து மூன்றாவதாக நிற்கிற பெண்ணை வெகுநேரம் பார்த்தார். இடுப்பில் ஒரு குழந்தை, அது அசைந்ததால் அதன் முகம் கலங்கியிருக்கிறது. "யோசிச்சு வைக்கிறேன், அடுத்த தடவை வர்றப்ப கேளு" என்றார்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு படம் எடுத்தால் அதிலிருக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொள்ளும். ஆகவே இதே படம் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பினாங்கிலோ உங்களில் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். காலி செய்யும்போது அது கையில் கிடைத்தால், எடைக்குப் போடுவதற்கு முன் தயவுசெய்து பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். யாராவது அவர் பெயரை எழுதி வைத்திருப்பார்கள்.

உங்கள் அன்புச் சகோதரி